எஃப்.ஏ. கப் எப்படி நடக்குது? ஆகஸ்ட் மாசத்துல இருந்து வெம்ப்ளி வரைக்கும் முழு வழிகாட்டி

பிரீமியர் லீக் மட்டும் பாத்து பழகினவங்க ஜனவரி மாசம் டிவில ஒரு பெரிய க்ளப் பேரே கேள்விப்படாத டீமோட ஆடறத பாத்துட்டு, இதுல ஜெயிச்சா எத்தனை பாயிண்ட், டேபிள்ல எங்க காட்டும்னு கேக்கறாங்க. அது எஃப்.ஏ. கப், இங்கிலாந்து க்ளப்புங்களுக்கான ஃபுட்பால் போட்டி. இதுல பாயிண்டும் கிடையாது டேபிளும் கிடையாது. இது நாக்-அவுட், ஜெயிச்சா அடுத்த ரவுண்டு, தோத்தா அந்த வருஷத்துக்கு அவ்வளவுதான். ஆனா அந்த ஒரு வரிக்கு பின்னாடி பத்து மாசம் ஓடற ஒரு பெரிய அமைப்பு இருக்கு, அது புரிஞ்சா மேட்ச் பாக்கற விதமே மாறிடும். என்னைக் கேட்டா இதுல முக்கியமா புரிஞ்சுக்க வேண்டியது குலுக்கல்தான், அதுலதான் பெருசு சின்னதுங்கற வித்தியாசம் பாக்காம எல்லாரையும் ஒரே பாத்திரத்துல போடறாங்க. அதுக்கு கொஞ்சம் கீழ விரிவா வர்றேன்.

எந்த கப் எதுன்னு முதல்ல பிரிச்சுக்கங்க

இங்கிலாந்துல ரெண்டு பெரிய கப் இருக்கு, நிறைய பேர் குழப்பிக்கறாங்க. லீக் கப், இப்போ ஸ்பான்சர் பேர்ல கராபாவ் கப்னு சொல்றது, மேல் நாலு டிவிஷன்ல இருக்கற 92 க்ளப்புக்கு மட்டும். எஃப்.ஏ. கப் அப்படி இல்ல, அது நாட்டோட ஃபுட்பால் சங்கமே (ஃபுட்பால் அசோசியேஷன், சுருக்கமா எஃப்.ஏ.) நடத்தறது, கீழ ரொம்ப தூரம் வரைக்கும் கதவு திறந்து வெச்சிருக்கு.

வயசுலயும் இதுதான் மூத்தது. 1871ல எஃப்.ஏ.வோட செயலாளர் சார்லஸ் ஆல்காக் யோசனை சொல்லி ஆரம்பிச்சது. அவர் படிச்ச ஹாரோ ஸ்கூல்ல விடுதிகளுக்குள்ள நாக்-அவுட் போட்டி நடக்கும், அதையே நாடு முழுக்க பண்ணலாம்னு தோணிருக்கு. முதல் சீசன்ல பேர் கொடுத்தது 15 க்ளப்தான். 1872 மார்ச் 16ம் தேதி கென்னிங்டன் ஓவல்ல, ஆமா அந்த கிரிக்கெட் மைதானத்துலதான், ஃபைனல் நடந்து வாண்டரர்ஸ் டீம் ராயல் இன்ஜினியர்ஸ 1-0ன்னு ஜெயிச்சுது. யோசனை சொன்ன ஆல்காக்தான் அந்த வாண்டரர்ஸுக்கு கேப்டன்.

யாரெல்லாம் ஆடலாம்

இங்கிலாந்து ஃபுட்பால் ஒரு படிக்கட்டு மாதிரி. மேல பிரீமியர் லீக் 20 க்ளப், அதுக்கு கீழ சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ, மூணுலயும் 24, 24, 24. ஆக 92. இதுக்கும் கீழ 5வது படில நேஷனல் லீக், 6வதுல வடக்கு தெற்குன்னு ரெண்டா பிரியும், அதுக்கப்புறம் போகப் போக வட்டார லீக்கா பல கிளையா பிரிஞ்சுட்டே போகும். 92க்கு வெளிய இருக்கறவங்கள நான்-லீக் க்ளப்னு சொல்லுவாங்க, அதுல கீழ் படிகள்ல ஆடறவங்க பகல்ல வேற வேலை பாத்துட்டு சாயங்காலம் ப்ராக்டிஸுக்கு வர்றவங்க.

கிட்டத்தட்ட 9வது படி வரைக்கும் இருக்கற க்ளப்புங்க எஃப்.ஏ. கப்புக்கு விண்ணப்பம் போடலாம். எஃப்.ஏ. சொல்ற தரத்துல மைதானம் இருக்கணும், அதான் முக்கியமான நிபந்தனை. வருஷா வருஷம் 700க்கு மேல க்ளப் சேருது, 2011-12 சீசன்ல 763 வரைக்கும் போச்சு.

700 க்ளப் எப்படி ஒண்ணாகுது

இங்கதான் கணக்கு அழகா இருக்கும், பொறுமையா படிங்க.

நாக்-அவுட் சரியா ஓடணும்னா ஏதோ ஒரு கட்டத்துல டீம் எண்ணிக்கை 64, 32, 16, 8ன்னு பாதி பாதியா குறையற நம்பர்ல வந்து நிக்கணும். 700 சொச்சம் அப்படி நம்பர் இல்ல, அதோட எல்லாரையும் ஒரே நாள்ல இறக்கிவிட்டா முதல் ரவுண்டுலயே 350க்கு மேல மேட்ச் வந்துடும். அதனால எல்லாரும் ஒரே நேரத்துல உள்ள வர மாட்டாங்க. கீழ இருக்கறவங்க முன்னாடியே ஆரம்பிச்சு தங்களுக்குள்ள வடிகட்டிட்டு வருவாங்க, மேல இருக்கறவங்க தாமதமா சேருவாங்க.

ஆகஸ்ட் ஆரம்பத்துல எக்ஸ்ட்ரா ப்ரிலிமினரி ரவுண்டு. வருஷத்துக்கு வருஷம் க்ளப் எண்ணிக்கை மாறுதுல்ல, அந்த ஏத்த இறக்கத்தை பெரும்பாலும் இந்த முதல் கட்டமே தாங்கிக்கும். அப்புறம் ப்ரிலிமினரி ரவுண்டு, அதுக்கப்புறம் நாலு குவாலிஃபையிங் ரவுண்டு. 6வது படி க்ளப்புங்க ரெண்டாவது குவாலிஃபையிங்ல சேருவாங்க, நேஷனல் லீக் க்ளப் 24ம் நாலாவது குவாலிஃபையிங்ல. அந்த நாலாவதுல 32 மேட்ச், ஜெயிச்ச 32 டீம் வெளிய வரும்.

நவம்பர் ஆரம்பத்துல 'முதல் ரவுண்டு'. இத்தனை ரவுண்டு முடிஞ்சப்புறம் என்ன முதல் ரவுண்டுன்னு கேக்காதீங்க, முக்கிய போட்டி இங்க இருந்துதான் எண்ணுவாங்க. மேல வந்த 32 டீமோட லீக் ஒன், லீக் டூ க்ளப் 48 சேந்தா 80. மேட்ச் 40. ஜெயிச்ச 40 பேர் ரெண்டாவது ரவுண்டுல மோதி 20 ஆகும். இப்போ ஜனவரில மூணாவது ரவுண்டு, பிரீமியர் லீக் 20, சாம்பியன்ஷிப் 24, மொத்தம் 44 க்ளப் வந்து இறங்குது. 20ம் 44ம் சேந்தா 64. கச்சிதமா உக்காந்துடுச்சு பாத்தீங்களா. இங்க இருந்து 32, 16, 8, 4, 2, அப்புறம் கோப்பை.

இத வேற பக்கம் இருந்து பாருங்க. ஒரு பிரீமியர் லீக் க்ளப் கோப்பை தூக்க ஆறு மேட்ச் ஜெயிச்சா போதும். லீக் டூ க்ளப்புக்கு எட்டு. எக்ஸ்ட்ரா ப்ரிலிமினரில ஆரம்பிக்கற டீமுக்கு 14. அப்படி ஒரு டீம் கோப்பை வாங்கினதே இல்ல, கிட்ட கூட வந்ததில்ல. 1888ல ஃபுட்பால் லீக் உருவானதுக்கு அப்புறம் லீக்குக்கு வெளிய இருந்து கப் ஜெயிச்சது ஒரே டீம்தான், 1901ல டாட்டன்ஹாம், அப்போ அவங்க சதர்ன் லீக்ல இருந்தாங்க. கீழ் க்ளப்புக்கு உண்மையான கோப்பையே மூணாவது ரவுண்டு வரைக்கும் போய் சேர்றதுதான்.

குலுக்கல்

ஒவ்வொரு ரவுண்டுக்கும் தனித்தனியா குலுக்கல் நடக்கும். டென்னிஸ்லயோ உலகக் கோப்பை நாக்-அவுட்லயோ இருக்கற மாதிரி முன்னாடியே போட்டு வெச்ச அட்டவணை இதுல கிடையாது. அதனால 'நாம ஜெயிச்சா கால் இறுதில இவங்கதான் வருவாங்க'ன்னு யாராலயும் கணக்கு போட முடியாது.

ஆரம்ப குவாலிஃபையிங் கட்டங்கள்ல மட்டும் வட்டாரம் பிரிச்சு குலுக்குவாங்க, சின்ன க்ளப்பு நாட்டோட அந்த கோடிக்கு பஸ் எடுத்துட்டு போக வேண்டாம்னு. முதல் ரவுண்டுல இருந்து வட்டாரமும் கிடையாது, பலமான டீமுங்க சீக்கிரமே மோதாம பிரிச்சு வெக்கற சீடிங்கும் கிடையாது. ஒவ்வொரு க்ளப்புக்கும் ஒரு நம்பர், ஒரு பந்து. எடுக்கறவங்க பெரும்பாலும் பழைய ப்ளேயருங்க. முதல்ல வெளிய வர்ற நம்பர் சொந்த மைதானம், அடுத்த நம்பர் வெளியூர்ல இருந்து வரணும், அவ்வளவுதான் விதி. ரெண்டாவது ரவுண்டு மேட்ச் ஏதாவது பாக்கி இருக்கும்போதே மூணாவது ரவுண்டு குலுக்கல் நடந்தா, அந்த ரெண்டு டீமுக்கும் சேத்து ஒரே பந்து போட்டு 'இவங்க அல்லது அவங்க'ன்னு படிப்பாங்க.

இதோட விளைவு என்னன்னா ரெண்டு பெரிய க்ளப்பு மூணாவது ரவுண்டுலயே மோதி ஒருத்தர் வீட்டுக்கு போயிடலாம், எட்டாவது படில இருக்கற ஒரு க்ளப்பு டாட்டன்ஹாம தன் வீட்டு மைதானத்துக்கே வரவழைக்கலாம். ரெண்டாவது சொன்னது நிஜமாவே 2021 ஜனவரில நடந்துச்சு. லிவர்பூல் பக்கத்துல க்ராஸ்பில மரீன்னு ஒரு க்ளப். ரெண்டாவது ரவுண்டுல எக்ஸ்ட்ரா டைமோட கடைசி நிமிஷத்துல கோல் அடிச்சு உள்ள வந்தாங்க, குலுக்கல்ல மொரீனியோ கோச்சா இருந்த டாட்டன்ஹாம் விழுந்துச்சு. ரெண்டு க்ளப்புக்கும் நடுவுல கிட்டத்தட்ட 160 இடம் வித்தியாசம், இந்த கப் வரலாற்றுலயே பெரிய இடைவெளி. மைதானத்தோட ஒரு பக்கம் வரிசையா வீடுங்களோட தோட்டம், கோவிட் நேரம்ங்கறதால ஸ்டேடியத்துக்குள்ள ரசிகர்கள் கிடையாது, தோட்டத்து வேலிக்கு பின்னாடி நின்னு ஜனங்க பாத்தாங்க. 0-0ல இருக்கும்போது மரீன் ப்ளேயர் ஒருத்தர் தூரத்துல இருந்து அடிச்ச பந்து க்ராஸ்பார்ல பட்டுச்சு! கடைசில 5-0ன்னு தோத்தாங்க, ஆனா பாக்கவே முடியாத மேட்சுக்கு ரசிகர்கள் 30,000க்கு மேல 'விர்ச்சுவல்' டிக்கெட் வாங்கி அந்த க்ளப்ப கைதூக்கி விட்டாங்க. சீடிங் வெச்சு நடத்தினாலும் பெருசும் சின்னதும் மோதத்தான் செய்யும், ஆனா அது ஏற்பாடு பண்ணினதா இருக்கும். இது பந்து வந்து விழுந்தது.

மேட்ச் அன்னிக்கு எதெல்லாம் வேற

லீக் மேட்சோட ஒப்பிட்டா சில விஷயம் மாறும். வெளியூர் ரசிகர்களுக்கு ஸ்டேடியத்துல 15% வரைக்கும் இடம் கேட்டு வாங்க விருந்தாளி க்ளப்புக்கு உரிமை இருக்கு, லீக்ல இதவிட ரொம்ப கம்மிதான். அதனாலதான் கப் மேட்ச்ல சத்தம் ரெண்டு பக்கமும் இருக்கும்.

அஞ்சு சப்ஸ்டிடியூட், எக்ஸ்ட்ரா டைம் போனா இன்னொண்ணு. அப்புறம் 'கப்-டைட்'னு ஒரு விதி, ஒரு ப்ளேயர் ஒரே சீசன்ல ரெண்டு க்ளப்புக்காக எஃப்.ஏ. கப் ஆட முடியாது. நவம்பர்ல லீக் ஒன் க்ளப்புக்கு கப் ஆடிட்டு ஜனவரில பெரிய க்ளப்புக்கு போனா, அந்த வருஷம் கப் மேட்ச்ல பெஞ்சுல கூட உக்கார முடியாது. லோன்ல, அதாவது வேற க்ளப்புல இருந்து தற்காலிகமா ஆட வந்தவருக்கு அவரோட சொந்த க்ளப்பு சம்மதம் கொடுக்கணும், ஜனவரி நெருங்கும்போது நிறைய சொந்த க்ளப்புங்க கொடுக்கறதில்ல, வேற எங்கயாவது விக்கணும்னா விலை குறைஞ்சிடும்னு.

வி.ஏ.ஆர்., அதாவது வீடியோ பாத்து ரெஃப்ரிக்கு உதவற முறை, அந்த விஷயத்துல ஒரு குழப்பம் ரொம்ப நாள் இருந்துச்சு. பிரீமியர் லீக் மைதானத்துல மட்டும்தான் அதுக்கான வசதி, அதனால ஒரே ரவுண்டுல ஒரு மேட்ச்ல வி.ஏ.ஆர். இருக்கும் இன்னொண்ணுல இருக்காது. 2024-25ல இத அஞ்சாவது ரவுண்டுல இருந்து எல்லா மேட்சுக்கும்னு மாத்தினாங்க.

பெரிய க்ளப்புங்க இந்த ரவுண்டுகள்ல பாதி டீம மாத்தி இறக்குவாங்க, லீக்கும் ஐரோப்பாவும் முக்கியம்னு. அது சில சமயம் திருப்பி அடிக்கும். 2025 பிப்ரவரில பிரீமியர் லீக்ல முதல் இடத்துல இருந்த லிவர்பூல், சாம்பியன்ஷிப்ல கடைசி இடத்துல இருந்த ப்ளிமத் கிட்ட ஒரு பெனால்டில 1-0ன்னு தோத்து வெளிய போச்சு. 2017ல இதவிட பெருசு, நான்-லீக் க்ளப் லிங்கன் சிட்டி பிரீமியர் லீக் டீம் பர்ன்லிய அவங்க மைதானத்துலயே சாய்ச்சுது. 89வது நிமிஷம், ஷான் ராகெட் தலையால முட்டினது, கீப்பர் பந்த வெளிய தள்ளிட்டார்னு எல்லாரும் நினைச்சப்போ கோல்-லைன் டெக்னாலஜி ரெஃப்ரி வாட்சுக்கு சிக்னல் கொடுத்துச்சு. 1914க்கு அப்புறம் கால் இறுதிக்கு போன முதல் நான்-லீக் க்ளப் அவங்கதான்.

டிரா ஆனா என்ன

2024-25 சீசன்ல இருந்து முதல் ரவுண்டு தொட்டு ஃபைனல் வரைக்கும் பதில் ஒண்ணுதான், 30 நிமிஷம் எக்ஸ்ட்ரா டைம், அப்பவும் சமம்னா பெனால்டி ஷூட் அவுட். அன்னிக்கே முடிவு.

அதுக்கு முன்னாடி ரீப்ளேன்னு ஒண்ணு இருந்துச்சு, நூறு வருஷத்துக்கு மேல இருந்துச்சு. டிரா ஆனா அடுத்த டீமோட மைதானத்துல இன்னொரு தடவை ஆடணும். முந்தி அதுலயும் டிரா ஆனா இன்னொண்ணு, அதுவும் ஆனா இன்னொண்ணுன்னு போயிட்டே இருக்கும். 1971ல ஆக்ஸ்ஃபோர்ட் சிட்டியும் ஆல்வெச்சர்ச்சும் குவாலிஃபையிங்ல ஆறு மேட்ச், மொத்தம் 11 மணி நேரம் ஆடி முடிச்சாங்க. 1990கள்ல ஒரு ரீப்ளேதான், அப்புறம் பெனால்டின்னு சுருக்கினாங்க, பிறகு கால் இறுதில எடுத்தாங்க, அஞ்சாவது ரவுண்டுல எடுத்தாங்க, கடைசில முதல் ரவுண்டுல இருந்தே மொத்தமா போச்சு. காரணம் ஐரோப்பிய போட்டிங்க பெருசாகி காலண்டர்ல நாள் இல்லங்கறது.

இந்த முடிவு எனக்கு பிடிக்கல, அத மறைக்க விரும்பல. ரீப்ளேங்கறது சின்ன க்ளப்புக்கு வாழ்க்கை. 2005 ஜனவரில எக்ஸிடர் சிட்டி கடன்ல முழுகி லீக்க விட்டே கீழ இறங்கியிருந்த நேரம், ஓல்ட் ட்ராஃபோர்ட்ல 67,000 பேருக்கு மேல முன்னாடி மான்செஸ்டர் யுனைடெட்ட 0-0ன்னு நிறுத்தினாங்க. ரீப்ளே தங்களோட ஊர்லயே, டிவில வேற வந்துச்சு. 2-0ன்னு தோத்தாங்க, ஆனா அந்த ரெண்டு மேட்ச் வருமானம் க்ளப்போட கடன அடைக்க கை கொடுத்துச்சு, இன்னிக்கும் அந்த க்ளப்பு ரசிகர்கள் கைலயே இருக்கு. இப்போ விதிப்படி அதே 0-0 நடந்தா அன்னிக்கே எக்ஸ்ட்ரா டைம் ஆடி, பெரும்பாலும் களைச்சுப் போய் தோத்து பஸ் ஏறியிருப்பாங்க. பெரிய க்ளப்புக்கு ஒரு புதன்கிழமை மிச்சமாகறது புரியுது, அதுக்கு விலை கொடுக்கறது யாருங்கறதுதான் கேள்வி.

பணம் எப்படி பிரியுது

மூணு வழி. ஒண்ணு, ரவுண்டு ஜெயிச்சா எஃப்.ஏ. கொடுக்கற பரிசுத் தொகை, கீழ் ரவுண்டுல கூட உண்டு, மேல போகப் போக ஏறும், 2024 ஃபைனல் ஜெயிச்சவங்களுக்கு 20 லட்சம் பவுண்ட். பிரீமியர் லீக் க்ளப்புக்கு அது சம்பளக் கணக்குல கரைஞ்சிடும், நான்-லீக் க்ளப்புக்கு முதல் ரெண்டு ரவுண்டு பரிசே பெரிய உதவி. ரெண்டு, டிக்கெட் வசூல். லீக்ல வீட்டு டீமே எடுத்துக்கும், இங்க செலவு போக ரெண்டு க்ளப்பும் சமமா பங்கு போட்டுக்கும், அதனாலதான் சின்ன க்ளப்பு ரசிகர்கள் சில பேர் குலுக்கல்ல வெளியூர், அதுவும் பெரிய ஸ்டேடியம் விழணும்னு வேண்டிக்கறாங்க. மூணு, டிவி. உங்க மேட்ச நேரடி ஒளிபரப்புக்கு எடுத்தா தனித் தொகை.

அரை இறுதி, ஃபைனல், அதுக்கப்புறம்

கால் இறுதி வரைக்கும் யாராவது ஒருத்தர் மைதானம். அரை இறுதி ரெண்டும் ஃபைனலும் லண்டன்ல இருக்கற வெம்ப்ளி ஸ்டேடியத்துல. அரை இறுதிய வெம்ப்ளில வெக்கறது 2008ல இருந்து நிரந்தரமாச்சு, அதுக்கு முன்னாடி வேற பொது மைதானங்கள்ல நடக்கும். ஃபைனல் 1923ல இருந்து வெம்ப்ளி, நடுவுல அத இடிச்சு கட்டின 2001-2006ல மட்டும் வேல்ஸ்ல கார்டிஃப் போச்சு. கார்டிஃப்னு சொன்னதும் ஒண்ணு, சில வேல்ஸ் க்ளப்புங்களும் இங்கிலாந்து படிக்கட்டுல ஆடறதால இந்த கப்ல உண்டு, 1927ல கார்டிஃப் சிட்டி கோப்பையவே எடுத்துட்டு போச்சு. இங்கிலாந்துக்கு வெளிய போனது அந்த ஒரு தடவைதான்.

ஜெயிச்சவங்களுக்கு அடுத்த சீசன் யூரோப்பா லீக்ல இடம். ஐரோப்பா க்ளப்புங்க மோதற ரெண்டாம் நிலை போட்டி அது, அதுக்கு மேல சாம்பியன்ஸ் லீக், கீழ கான்ஃபரன்ஸ் லீக். இந்த ஒரு சீட்டு லீக் டேபிளையே கலைச்சு விடும். 2024ல மான்செஸ்டர் யுனைடெட் லீக்ல 8வது, ஆனா ஃபைனல்ல சிட்டிய 2-1ன்னு ஜெயிச்சதால யூரோப்பா லீக் போச்சு, 6வதா வந்த செல்சி கான்ஃபரன்ஸ் லீக்குக்கு இறங்குச்சு, 7வதா வந்த நியூகாசிலுக்கு ஐரோப்பாவே இல்ல. ஜெயிச்சவங்க ஏற்கனவே சாம்பியன்ஸ் லீக் போறவங்களா இருந்தா அந்த இடம் லீக் டேபிள்ல அடுத்து நிக்கற க்ளப்புக்கு போகும். முந்தி மாதிரி ஃபைனல்ல தோத்தவங்களுக்கு கொடுக்கறதில்ல.

2013ல விகன் கதை தெரியுமா? 91வது நிமிஷம் பென் வாட்சன் தலையால அடிச்சு மான்செஸ்டர் சிட்டிய 1-0ன்னு ஜெயிச்சாங்க. மூணே நாள்ல பிரீமியர் லீக்ல இருந்து இறங்கிட்டாங்க. அடுத்த சீசன் ரெண்டாவது டிவிஷன்ல ஆடிட்டே யூரோப்பா லீக்கும் ஆடினாங்க. 2025ல அதே சிட்டிய கிரிஸ்டல் பேலஸ் 1-0ன்னு ஜெயிச்சுது, எஸே கோல் அடிச்சார், கீப்பர் ஹெண்டர்சன் பெனால்டிய தடுத்தார், க்ளப்போட முதல் பெரிய கோப்பை. ஆனா க்ளப்போட உரிமையாளர்கள்ல ஒருத்தர் பங்கு வெச்சிருந்த இன்னொரு க்ளப்பும் அதே யூரோப்பா லீக்குக்கு வந்ததால, ஐரோப்பிய ஃபுட்பால் அமைப்பான யுஇஎஃப்ஏ விதிப்படி பேலஸ கான்ஃபரன்ஸ் லீக்குக்கு மாத்திட்டாங்க. மைதானத்துல ஜெயிச்சு வாங்கின இடம் ஆபீஸ்ல போனது அந்த ரசிகர்களுக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்.

வேற நாட்டு கப் பாக்கறீங்கன்னா

அடிப்படை ஒண்ணுதான், ஆனா மூணு கேள்வி கேட்டு பாத்துக்கங்க, அந்த நாட்டு கப்போட குணம் தெரிஞ்சிடும்.

சின்ன டீமுக்கு வீட்டு மைதானம் உறுதியா கொடுக்கறாங்களா? ஜெர்மனியோட டிஎஃப்பி போகால்ல முதல் ரவுண்டு 64 டீம், ரெண்டு பாத்திரத்துல பிரிச்சு குலுக்கி, அமெச்சூர் பாத்திரத்துல இருக்கற டீமுக்கு வீட்டு மைதானம் கொடுப்பாங்க. 2025ல மூணாவது டிவிஷன் பீலெஃபெல்ட் அரை இறுதில லெவர்குசன சாய்ச்சு பெர்லின் ஃபைனல் வரைக்கும் வந்துச்சு, அங்க ஸ்டுட்கார்ட் கிட்ட 4-2ன்னு தோத்துச்சு.

எவ்வளவு கீழ வரைக்கும் கதவு திறந்திருக்கு? இதுல பிரான்ஸ மிஞ்ச ஆள் இல்ல. கூப் த ஃப்ரான்ஸ்ல ஆயிரக்கணக்கான க்ளப், கடல் தாண்டி இருக்கற பிரெஞ்சு தீவுகள்ல இருந்தும் வருவாங்க. 2020ல இந்தியப் பெருங்கடல்ல இருக்கற ரீயூனியன் தீவோட க்ளப் ஒண்ணு பிரான்ஸ் ரெண்டாவது டிவிஷன் டீம் நியோர்ட்ட 2-1ன்னு ஜெயிச்சுது. 2000ல கலே ஊரு அமெச்சூர் டீம் ஃபைனலுக்கே வந்து நான்ட் கிட்ட கடைசி நிமிஷ பெனால்டில 2-1ன்னு தோத்தாங்க.

ஒரு மேட்சா ரெண்டு மேட்சா? ஸ்பெயினோட கோபா டெல் ரே முந்தி பெரும்பாலும் ரெண்டு லெக், அதாவது ஆளுக்கொரு மைதானத்துல ஒவ்வொரு மேட்ச், பெரிய க்ளப்பு ஒண்ணுல சறுக்கினாலும் அடுத்ததுல சரி பண்ணிக்கும். 2019-20ல ஒரே மேட்ச்னு மாத்தினாங்க, அதுவும் கீழ் டிவிஷன் டீமோட மைதானத்துலன்னு. அரை இறுதிய மட்டும் இன்னும் ரெண்டு லெக்கா வெச்சிருக்காங்க.